உபுண்டுவில் டெர்மினல் திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலின் ஐகானை அழுத்தினால் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றும், அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி நின்றுவிடும், பிழைச் செய்திகூட வராது. உங்களுக்கும் இப்படித்தான் என்றால், அண்மையில் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதுப் பதிப்பை நிறுவி, பைத்தான்3 என்ற கட்டளையைக் கொடுத்தாலே அதுதான் ஓட வேண்டும் என்று மாற்றியிருப்பீர்கள். ஏதோ ஒரு வீடியோவில் அப்படிச் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் உபுண்டு 22.04 இதேபோல் மக்கர் செய்தது. சிஸ்டம் அட்மின் வந்தார், ஐகானைத் தட்டிப் பார்த்தார், "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் அவர் சொல்வது அதுதான். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரை வந்தது. அதில் லாகின் செய்து (பாஸ்வேர்டு தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, பயப்படாதீர்கள்) எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலை நிறுவி, பழைய திரைக்குத் திரும்பி, ஆல்ட் எஃப்2 வழியாக அதைத் திறந்து, அதற்குள்ளிருந்து க்னோம் டெர்மினலை (உபுண்டுவின் வழக்கமான டெர்மினல் இதுதான்) ஓட்டினால் காரணம் அப்படியே எழுத்தில் வருகிறது: பைத்தானின் ‘ஜிஐ’ மாட்யூல் (துணை நிரல் தொகுப்பு) ஏறவில்லை.

உபுண்டு 22.04இல் க்னோம் டெர்மினலைத் தொடங்கிவைப்பதே ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். அந்த மாட்யூல் சிஸ்டத்தோடு வரும் பைத்தான் 3.10க்காகத் தயாரானது, 3.11ஐ முன்னால் நிறுத்தினால் அது கிடைக்காது, ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துவிடும். சூடோவுடன் (அதாவது அட்மின் அதிகாரத்தோடு), எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையைக் கான்ஃபிக் விருப்பத்தோடு ஓட்டி, பைத்தான்3க்கு மறுபடி 3.10ஐத் தேர்ந்தெடுத்தேன். டெர்மினல் உடனே திறந்தது. மாலையில் பார்த்தால் அலுவலகப் புகார் டிக்கெட்டில் ‘அட்மினால் சரிசெய்யப்பட்டது’ என்று இருக்கிறது! நான் லீவு கேட்டுப் போட்ட டிக்கெட்டுக்கு மட்டும் கடைசிவரை பதிலே வரவில்லை, அது வேறு கதை.

வேறு டெர்மினல் போட்டுக்கொண்டால் போயிற்று என்று சிலர் கீழே எழுத வருவார்கள். போடலாம்தான், ஆனால் சிஸ்டத்தின் பைத்தானை நம்பியிருக்கும் மற்றவை அப்போதும் உடைந்தபடியேதான் கிடக்கும். புது பைத்தான் வேண்டுமென்றால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தின் பைத்தானைத் தொடாத தனி இடம்) வைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானை நீங்கள் தொடவே இல்லையென்றால் லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்க) அமைப்பைப் பாருங்கள். அது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இல்லாவிட்டாலும் க்னோம் டெர்மினல் திறக்காது. சரிசெய்த பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். ஜன்னல் தோன்றி உடனே மறைந்தால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எங்காவது ‘எக்ஸிட்’ இருக்கிறதா என்று தேடுங்கள்.