இரவு இரண்டு மணிக் கடி: குளிசையைக் கூட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறேன், வயது 34. சின்ன வயதிலிருந்தே கரப்பன், எக்ஸிமா என்று சொன்னார்கள். பகலில் சமாளித்துவிடுவேன். இரவு இரண்டு மணிபோல முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அரிப்புக் கடி தொடங்கினால் நித்திரை போச்சு. காலையில் விரிப்பில் இரத்தப் பொட்டு. தடிமனுக்குத் தரும் குளோர்ஃபெனிரமைன் குளிசை ஒன்று போடுகிறேன். இரண்டாக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குளிசை தடுப்பது ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை. கரப்பன் கடியில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லை. அழற்சியில் தோல் சுரக்கும் வேறு இரசாயனங்கள்தான் நரம்பைத் தூண்டுகின்றன. ஆக, குளிசை உங்களை மயக்குகிறது, கடி அப்படியே இருக்கிறது. கூட்டினால் மறுநாள் காலி வீதி பஸ்ஸில் தூங்கி விழுவதுதான் மிச்சம்.

கடி ஏன் இரவில் கூடுகிறது? அழற்சியை அடக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவு. தோலின் சூடும் அப்போது ஏறும், தோல் வழியே நீரும் கூடுதலாகப் போகும். மனதைத் திருப்ப வேறு வேலையும் இல்லை.

என்ன செய்யலாம் என்று சொல்லுமுன் ஒன்று கேட்கவேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இரவில் கடிக்கிறதா? உங்கள் விரல் இடுக்கிலோ மணிக்கட்டிலோ சின்னச் சின்னப் பருக்கள் உண்டா? இருந்தால் பழைய கரப்பனோடு சிரங்கும் சேர்ந்திருக்கலாம். அதற்கு மருந்து வேறு, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். பழைய நோயாளி என்பதாலேயே இதை வைத்தியர்களும் தவறவிடுவதுண்டு.

அது இல்லையென்றால், படுக்கும் நேரத்துக்கு முன்னரே வேலை தொடங்கவேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் நாள் முழுக்க ஊறிய வியர்வையும் கடியைக் கூட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இளஞ்சூட்டு நீரில் ஐந்து, பத்து நிமிடம் குளியுங்கள். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதக் கிரீம் பூசுங்கள். இந்த வெக்கைக்குப் பிசுபிசுத்த களிம்பைவிடக் கிரீம்தான் தோது.

கால் மணி நேரம் கழித்து வைத்தியர் தந்த ஸ்டிரொயிட் கிரீம், சிவந்த இடத்தில் மட்டும். இங்கேதான் பலர் பயந்து பயந்து கடுகளவு பூசுகிறார்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். அந்த அளவை, சொன்ன நாள்வரை பூசினால் தோல் மெலியும் என்று அஞ்சத் தேவையில்லை. கேட்டதும் பார்மசியில் எடுத்துத் தரும், கடும் ஸ்டிரொயிட்டோடு வேறு மருந்துகளும் கலந்த கிரீம்களுக்குத்தான் பயப்படவேண்டும்.

இரண்டு மணிக்கு எழும்பினால் சொறியாமல் ஈரத் துணியை ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இப்படி இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நித்திரை வரவில்லையா? தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கோ உங்கள் தோல் நிபுணரிடமோ போங்கள். போனதும், "வாரத்தில் நாலு இரவு எழும்புகிறேன்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் தோலைப் பார்க்கும் எங்களுக்கு உங்கள் இரவு தெரியாது. ஒளிச் சிகிச்சையா, மாத்திரையா என்று யோசிக்கவைப்பதே அந்த எண்தான். நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, வலியோடு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.



அப்புறம், நுளம்புச் சுருள். பரஃபின் கலந்த கிரீம் ஊறிய விரிப்பும் உடுப்பும் சட்டென்று தீப்பற்றும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. கட்டிலுக்குக் கீழே சுருள் கொளுத்துகிறவராக இருந்தால் இன்றிரவே நிறுத்தி, நுளம்பு வலை கட்டுங்கள்.