சொரியாசிஸுக்கு ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்துக்கு மாறலாமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டில் யாரோ "இங்கிலீஷ் மருந்து சூடு, நிறுத்திவிடு" என்று ஓதியிருக்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திப் பட்டவள் சொல்கிறேன்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். 19 வருடமாக முழங்கை, முதுகு, தலை என்று இந்த நோய். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, ஒரு மாதத்தில் உதிர வேண்டிய தோலைச் சில நாட்களிலேயே செதிலாகத் தள்ளுகிறது. தொட்டால் ஒட்டாது. இதை ஊருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு வளவில் பத்துப் பேர் உட்கார்ந்து பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். மாவில் கை வைக்கப் போனேன். "ஆச்சி, நீங்கள் வெற்றிலையைத் துடைத்து அடுக்குங்கள், அது போதும்" என்றாள் என் ஓர்ப்படியாள். மரியாதைக்குக் குறைவில்லை. அவர்கள் பிழிந்த தேன்குழல் அச்சு மட்டும் என் ஆத்தா எனக்குச் சீராகக் கொடுத்தது.

அந்த ஆத்திரத்தில்தான் யாரோ சொன்ன ஒரு வைத்தியரிடம் போனேன். 'மூலிகைப் பொடி' என்று பெயரில்லாத பொட்டலம். களிம்பு, மாத்திரை எல்லாவற்றையும் அன்றே குப்பையில் போட்டேன். பத்தே நாளில் தோல் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் போல வழவழவென்று ஆனது. நாலு மாதம் தின்றேன், முகம் உப்பியது. பொடி தீர்ந்த மூன்றாம் வாரம் உடம்பு முழுக்கச் சிவந்து வெடித்தது. மதுரையில் பார்த்த தோல் டாக்டர், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீரென்று நிறுத்தியதால் பொங்கியிருக்கிறது என்றார். குன்றக்குடிக்கும் போனேன். பெரிய மருதுவின் ராஜபிளவைக் கட்டியை ஆற்றிய திருநீறு என்பது எங்கள் பக்க நம்பிக்கை. எனக்கு மனம் ஆறியது, முதுகு ஆறவில்லை. முருகனைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பிறகுதான் படித்துப் பட்டம் பெற்ற ஓர் ஆயுர்வேத டாக்டர் கிடைத்தார். முதல் நாளே "அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் நின்றுவிட்டேன். மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. உள்ளுக்கு மகாதிக்தக கிருதம் என்ற கசப்பு நெய். மேலுக்கு வெட்பாலைத் தைலம். வெட்பாலை சித்த மருந்தாயிற்றே என்று சண்டைக்கு வராதீர்கள், ஆயுர்வேதத்திலும் அது சுவேத குடஜம். இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிச் சாடியில் முற்றத்து வெயிலில் ஒரு வாரம் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். செதில் மெத்தென்று ஆகி அரிப்பு அடங்கியது.

மீனும் தயிரும் ஒரே வேளையில் கூடாது என்றார். அயிரை மீன் குழம்புக்குப் பின் தயிர்ச்சோறு இல்லாமல் எழுந்திருக்காத வீடு எங்களுடையது! விட்டேன். அரிப்பு குறைந்தது அதனாலா, பத்து மணிக்குப் படுக்கத் தொடங்கியதாலா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. சோப்புக்குப் பதில் பாசிப்பயற்று மாவு, குளித்த ஈரத்தோடு எண்ணெய், சொறியாமல் இருப்பது. சொறிந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பும். மார்கழியில் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன வருடம் காலையில் விரல்கள் மடங்கவில்லை. இந்த நோய் மூட்டையும் பிடிக்கும் என்று அந்த ஆயுர்வேத டாக்டரே மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். அதற்கு ஆங்கில மருந்துதான் சாப்பிடுகிறேன். யார் என்ன தருகிறார் என்பது இருவருக்கும் தெரியும். நீங்களும் விரலைக் கவனியுங்கள்.

வெட்பாலை இலையை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பின்கட்டிலேயே மரம் இருந்தது. சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை வாடகைக்கு விட்ட பங்காளி ஒருவர், வேன் நிறுத்த இடம் வேண்டும் என்று அதை வெட்டிவிட்டார். பதினோரு பங்கு உள்ள வீடு, ஒருவரையும் கேட்கவில்லை. மரம் எங்கே என்றால் "அது சும்மா காட்டு மரம்தானே ஆச்சி" என்கிறார். இப்போது திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் மாதம் ஒரு பை இலை கொண்டுவருகிறார், பஸ் செலவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.