ஆரக்கிள் 19சி நிறுவிப் பழக கிளவுட் லேப்: கேள்வி பதில்

பன்னிரண்டு மாணவர்களுக்கு ஆரக்கிள் 19சி டேட்டாபேஸை கிளவுட் சர்வரில் நிறுவச் சொல்லித்தர வேண்டும். ஆளுக்கொரு சர்வரா, பெரியதாக ஒன்றே போதுமா?

ஆளுக்கொன்று. நிறுவி முடிக்கையில் ரூட் (முழு நிர்வாக) அனுமதியோடு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியாக வேண்டும். ஒரே சர்வரில் எல்லோருக்கும் ரூட் கொடுத்தால், ஒருவர் எதையோ அழித்ததற்கு மற்ற பதினொரு பேரும் கைகட்டி உட்கார வேண்டிவரும். 2 சிபியு, 8 ஜிபி ராம், 100 ஜிபி டிஸ்க் தாராளம். ஆவணத்தில் குறைந்தபட்சம் 1 ஜிபி ராம் என்றுதான் இருக்கும். அதை நம்பி இலவச 1 ஜிபி மெஷினில் இறங்காதீர்கள்.

ஆரக்கிள் கிளவுடில் 100 ஜிபி டிஸ்க் கேட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் முப்பத்துச் சொச்சம்தான் காட்டுகிறது.

டிஸ்க் வந்துவிட்டது, பார்ட்டிஷன்தான் வளரவில்லை. அங்குள்ள லினக்ஸ் இமேஜிலேயே ‘ஓசிஐ-குரோஎஃப்எஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ரூட்டாக ஓட்டுங்கள்.

ஆரக்கிள் லினக்ஸ் 8-ல் இன்ஸ்டாலர் ஐஎன்எஸ்-08101 என்ற பிழையைச் சொல்லி நின்றுவிடுகிறது.

இதில் மாட்டாதவர்கள் குறைவு. நீங்கள் இறக்கிய 19.3 வெளிவந்தது 2019 ஏப்ரலில். லினக்ஸ் 8 வந்தது அந்த ஜூலையில். தனக்குப் பின்னால் பிறந்ததை இன்ஸ்டாலருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘சிவி_அஸ்யூம்_டிஸ்ட்ஐடி’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு ‘ஓஎல்7’ என்று மதிப்பு கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், நகரும். நிஜ சர்வரில் இந்தத் தந்திரத்தோடு நிறுத்தக்கூடாது, புதிய பேட்சும் போட வேண்டும். பேட்ச் இறக்க சப்போர்ட் கணக்கு தேவை என்பதால் லேபில் அதை விட்டுவிடலாம்.

இங்கேயே இன்னொன்று. 18சி முதல், இறக்கிய ஜிப்பை ஆரக்கிள் ஹோம் (மென்பொருள் நிரந்தரமாக இருக்கப்போகும்) டைரக்டரிக்குள்ளேயே பிரிக்க வேண்டும். பழைய 11ஜி, 12சி பழக்கத்தில் என் மாணவர் ஒருவர் டவுன்லோட்ஸில் பிரித்து, அங்கிருந்தே இன்ஸ்டாலரை ஓட்டினார். அது எந்த முனகலும் இல்லாமல் டவுன்லோட்ஸையே ஹோமாக எடுத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் கவனித்தோம்.

ஆரக்கிள் கிளவுடின் செக்யூரிட்டி லிஸ்டில், டேட்டாபேஸ் இணைப்புக்கான 1521 போர்ட்டைத் திறந்தும் லேப்டாப்பிலிருந்து இணைய முடியவில்லை.

வாசல் கதவைத் திறந்தீர்கள், அறைக்கதவு பூட்டியிருக்கிறது. சர்வருக்குள் ஃபயர்வால்டி என்ற இன்னொரு தடுப்பு தனியாக ஓடுகிறது. ஆனால் என்னைக் கேட்டால் இரண்டையுமே திறக்க வேண்டாம். சர்வருக்குள் நுழையும் 22 போர்ட் வழியாகவே எஸ்எஸ்எச் டனல் (மறையாக்கிய பாதை) போட்டால் போதும். உலகத்துக்கே 1521-ஐத் திறந்து வைப்பது வம்பு.

அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் தினமும் மாலை மெஷின்களை ஸ்டாப் செய்கிறோம். அப்படியும் பில் வருகிறதே?

ஸ்டாப் செய்தால் மெஷின் வாடகைதான் நிற்கும், டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வைத்திருக்கிறீர்களா? 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். பன்னிரண்டுக்கு மாதம் 43 டாலர் சும்மா போகும். சாதாரண ஐபியே போதும். ஸ்டாப் செய்ததும் அது கழன்றுவிடும், தினமும் காலையில் வேறு வரும். புதுப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பிரைவேட் ஐபி மாறாது, அதனால் லிசனருக்கு (டேட்டாபேஸ் இணைப்புகளை ஏற்கும் நிரலுக்கு) சிக்கல் இல்லை.

எல்லா மெஷினுக்கும் அச்சாக வைக்கும் இமேஜை எந்தக் கட்டத்தில் எடுப்பது?

ப்ரீஇன்ஸ்டால் ஆர்பிஎம் (முன்னேற்பாடுகளைச் செய்துவைக்கும் பேக்கேஜ்) போட்டு, ஜிப்பையும் உள்ளே வைத்த பிறகு; நிறுவத் தொடங்கும் முன். ஏறக்குறைய 3 ஜிபி ஜிப்பைப் பன்னிரண்டு பேரும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. யாராவது சொதப்பினால் அந்த மெஷினை அழித்துவிட்டு, இமேஜிலிருந்து புதிதாக ஒன்று எழுப்பிக் கொடுங்கள். ஹோம் டைரக்டரி ஆரக்கிள் யூசர் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள். ரூட் பெயரில் கிடந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு கைகளும் உயரும்.