.38 ரிவோல்வரில் பழகி 9 மி.மீ. பிஸ்டல் தேர்வுக்குப் போகலாமா?

கேள்வி: பொலிஸில் இருந்து ஓய்வு பெற்று, திருகோணமலையில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அடுத்த வருடம் டெக்சாஸில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகிறேன். அங்கே என்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம்) கைத்துப்பாக்கிப் பயிற்றுநர் தகுதி எடுக்க ஆசை. தேர்வில் 9 மி.மீ. பிஸ்டலால் சுட நினைக்கிறேன். இங்கே கைக்குக் கிடைப்பது நிறுவனத்தின் .38 ரிவோல்வர் மட்டும்தான். அதில் பழகுவது வீண் வேலையா?
– வாசகர், உப்புவெளி

வீண் இல்லை ஐயா. அந்தப் பாடநெறிக்கு வருகிறவர் ரிவோல்வர், பிஸ்டல் இரண்டையும் பிழையில்லாமல் கையாள வேண்டும். சுடும் தேர்வில் 45 அடி தூரத்தில் 20 ரவைகள்; அவற்றில் 16 ஆறு அங்குலத்துக்குள் விழ வேண்டும். அவசரம் இல்லாத தேர்வு. தோற்கிறவர்கள் பெரும்பாலும் விசையை இழுக்கும் விரலால்தான் தோற்கிறார்கள்.

விரலைத் திருத்த ரிவோல்வரை விட நல்ல வாத்தியார் கிடையாது. சுத்தியலைப் பின்னால் இழுத்து வைத்துச் சுட்டால் விசையை அழுத்துவது இலேசு, எந்தப் பிழையும் தெரியாது. இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பாரம், நீண்ட பயணம். நடுவில் தயங்கினாலோ கடைசியில் வெடுக்கென்று இழுத்தாலோ குழல் நுனியிலுள்ள முன்குறி ஆடுவது கண்ணுக்கு முன்னே தெரியும். அப்படியே பழகுங்கள்.

சுடும் திடலில் இன்னொன்று செய்யலாம். ரிவோல்வரின் ஆறு ரவை அறைகளில் மூன்றில் ரவை, மூன்றில் சுட்டு முடித்த வெற்றுக்கோது. நிரப்புவது உங்களோடு நிற்பவர்; நீங்கள் பார்க்கக் கூடாது. வெற்றுக்கோதில் ‘டிக்’ என்று விழும்போது குழல் கீழே குனிந்தால், சத்தத்துக்கு முன்பே உங்கள் கை பயந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருட சேவைக்காரர்களுக்கும் குனிந்ததைப் பார்த்திருக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளைக்கு மாணவனின் குழல் குனிவதும் உங்கள் கண்ணில் சட்டென்று படும்.

திடலுக்குப் போகாத நாட்களில் வெற்று அழுத்தம், அதாவது ரவையில்லாமல் விசையை அழுத்திப் பழகுவது போதும். ரவைகள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் வேண்டாம். ரவை அறைகள் உள்ள சிலிண்டரைத் திறந்து இரண்டு தரம் பாருங்கள், கெட்டியான சுவரை நோக்கி நில்லுங்கள். முன்குறிக்குப் பக்கத்தில் குழலின் மேல் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து, அது விழாமல் இருபது அழுத்தம். இருநூறு வேண்டாம், களைத்த விரல் பிழையைத்தான் பழகும். .22 ரிவோல்வர் என்றால் டமி ரவை (வெடிக்காத போலி ரவை) போடாமல் இதைச் செய்யாதீர்கள், ரவை அறையின் விளிம்பு அடிபடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயுதம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோவது, நிலாவெளிப் பக்கம் ஆளில்லாத கரையில் ‘சும்மா இரண்டு’ சுட்டுப் பார்ப்பது எல்லாம் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தில் மாட்டிவிடும். எழுத்தில் அனுமதி எடுத்து, ஆயுத அறையிலும் அங்கீகரிக்கப்பட்ட திடலிலும் மட்டும் பழகுங்கள்.

ரவை வாங்கும்போதும் கவனம். பழைய வெப்லி (பிரித்தானியத் தயாரிப்பு) ரிவோல்வர் என்றால் அதன் .38 வேறு, .38 ஸ்பெஷல் வேறு; ஸ்பெஷல் நீளம் கூடியது. குழலில் பொறித்திருப்பதை வாசித்துவிட்டே நிரப்புங்கள். வெற்றுக்கோதைத் தட்டும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் எரியாத மருந்துத் துகள் கோது தள்ளியின் அடியில் சிக்கி சிலிண்டர் இறுகிவிடும். நம்மூர் உப்புக்காற்றைத் தெரியும்தானே. தொட்ட அன்றே எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

ரிவோல்வர் சொல்லித்தராதவையும் உண்டு. பிஸ்டலின் ரவைக்கூடான மகசினை மாற்றுவது, ரவை சிக்கினால் எடுப்பது இரண்டையும் அங்கே போய்த்தான் பழக வேண்டும். முக்கியமாகப் பிடி. ரிவோல்வரில் பெருவிரலை மடித்து வைப்போம். முன்னே நீட்டினால் சிலிண்டர் இடுக்கில் பீறிடும் சூட்டுக்காற்று விரலைப் பதம் பார்க்கும். பிஸ்டலில் இரண்டு பெருவிரலும் இடப்பக்கமாக முன்னே நீள வேண்டும். பழைய பழக்கத்தில் இடப் பெருவிரலைப் பின்னால் குறுக்கே போட்டால், சுடும்போது பின்னால் ஓடும் மேல்பகுதியான ஸ்லைட் வந்து வெட்டும். என் விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் தேர்வுக்கு முந்திய ஒரு மாதமாவது தேர்வில் சுடப்போகும் அதே பிஸ்டலில் மட்டும் பழகுங்கள்.