பலகை திருப்பி அடித்தால் பிளேடை மாற்றிப் பயனில்லை

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுப் பின்கட்டில் மரவேலை செய்துவருகிறேன். தரகர் மூலம் 10 அங்குல டேபிள் சா (மேஜை ரம்பம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பிளேடு மூடியோ பின்னால் வரும் தகடோ அதில் இல்லை. போன வாரம் வேப்பம் பலகையை நீளவாக்கில் கிழிக்கும்போது, பாதியில் சடாரென்று திரும்பி வந்து வயிற்றில் அடித்துவிட்டது. 80 பல் பிளேடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தரகர். இல்லாவிட்டால் இதை விற்றுவிட்டு, மார்பிள் கட்டரை மேஜைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திக்கொள்ளச் சொல்கிறார். எது நல்லது?
– வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் உங்கள் வயிற்றைப் பார்ப்போம். விலாவுக்குக் கீழே இன்னும் வலி இருந்தாலோ தலைசுற்றினாலோ இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மண்ணீரலில் பட்ட அடி சில நாள் கழித்தும் வேலையைக் காட்டும்.

தரகர் சொன்ன இரண்டுமே வேண்டாம்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜையோடு அழுத்தி அறுக்கும். பின்பக்கப் பற்கள் மேஜைக்குள்ளிருந்து மேலே எழுந்து வரும். அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களில் சிக்கினால் போதும், பலகையை அப்படியே தூக்கி உங்களை நோக்கி எறிந்துவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். சுதாரிக்க நேரமே இருக்காது. பலகையோடு சேர்ந்து கையும் இழுபட்டுப் பிளேடில் விழுந்து விரல் போவதும் இப்படித்தான்.

உங்கள் வேப்பம் பலகை சரியாகக் காயாததாகவோ முறுக்கு உள்ளதாகவோ இருந்திருக்கும். அப்படிப்பட்ட மரம் கிழிக்கக் கிழிக்க இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். கவ்வவிடாமல் தடுப்பதற்குத்தான் பிளேடுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற எஃகுத் தகடு நிற்கிறது. உங்கள் மெஷினில் இல்லாமல் போனது அதுதான். 80 பல் பிளேடு குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் உள்ளது. அதை வைத்துக் கிழித்தால் தூள் வெளியேற இடமில்லாமல் மரம் கருகும். நீங்களும் இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள். கிழிப்பதற்கு 24 பல் போதும்.

பழைய மெஷின் விற்பவர்கள் இந்தத் தகட்டையும் மூடியையும் ஏன் வைப்பதில்லை? பட்டறையில் யாரோ இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள், தரகரும் தேடித் தரமாட்டார். "ஆசாரிங்க யாரும் அதைப் போடறதில்ல சார்" என்பதுதான் எல்லோரிடமும் வரும் பதில். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்குப் பின்னால் இந்தத் தகடு இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் மின்சாரத்தில் ஓடும் இடமென்றால் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றிருந்தது; 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 20 பேராகிவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் உங்கள் பின்கட்டுக்கும் கேட்பாரில்லை. இத்தனை பேர் இருந்தால்தான் விரலுக்கு மதிப்பா? எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, தகட்டுக்கு வருவோம். மெஷினின் பெயர், மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகமாகக் கேளுங்கள். தகட்டின் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும் பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடல் 1.8 மி.மீ., பல் 2.6 மி.மீ. என்றால் தகடு 2.2 மி.மீ. வெர்னியரில் அளந்துவிட்டே வாங்குங்கள். பிளேடை ஏற்றி இறக்கும்போது தகடும் கூடவே ஏறி இறங்க வேண்டும், பல்லுக்கும் அதற்கும் இடைவெளி 8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது ஃபென்ஸ், அதாவது கிழிக்கும்போது பலகையை ஒட்டித் தள்ளும் பக்கவாட்டுச் சட்டம். பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மேஜையின் மேல் முன்னும் பின்னுமாக ஓடும் பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். பிறகு அதே பல்லைப் பின்னால் சுற்றி அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபென்ஸையும் அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். அதன் பின்முனை பிளேடை நோக்கிக் கால் நூல்கூடச் சாயக்கூடாது. சாய்ந்தால் தகடு இருந்தும் மரம் நெருக்கும். குறுக்கே அறுக்கும்போது ஃபென்ஸைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் பலர் தகட்டை நிரந்தரமாகக் கழற்றிவிடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அலமாரிப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) போடும்போது பிளேடு மரத்தின் மேல்பக்கம் வரை வராது. மூடி இருந்தால் அந்த வேலை நடக்காது, கழற்றத்தான் வேண்டும். தகட்டின் கதை வேறு. அது பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும் வகையாக இருந்தால் காடிக்குள்ளேயே நுழைந்து போய்விடும், கழற்ற வேண்டியதே இல்லை. பிளேடைவிட உயரமாக நிற்கும் பழைய வகையாக இருந்தால் மட்டும் கழற்றுங்கள். காடி முடிந்ததும், அடுத்த பலகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே திரும்ப மாட்டிவிடுங்கள். "அப்புறம் மாட்டலாம்" என்று ஒதுக்கி வைத்த தகடுதான் கடைசியில் காணாமல் போகும்.

கவிழ்த்து வைத்த மார்பிள் கட்டர் பக்கம் போகவே போகாதீர்கள். நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று ஓடும் கல் வெட்டும் கருவி அது. தகடு மாட்ட இடமில்லை, பூட்டிவிட்ட ஸ்விட்ச் மேஜைக்கு அடியில் இருக்கும், பலகை கவ்வினால் அணைக்கக் கை எட்டாது. கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டச் சொல்லியும் 4 அங்குல மர பிளேடைக் கடையில் கூச்சமில்லாமல் விற்கிறார்கள், தடுக்க ஆளில்லை.

இனிக் கிழிக்கும்போது பிளேடுக்கு நேராக நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள், பேரப்பிள்ளைகளையும் அந்த நேர்க்கோட்டில் விடாதீர்கள். கையுறை வேண்டாம், பிளேடு பிடித்தால் கையோடு இழுக்கும். கடைசி அரை அடியைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். மரம் கவ்வத் தொடங்கினால் பின்னால் இழுக்காமல் அழுத்திப் பிடித்தபடி மெஷினை அணையுங்கள். பிளேடு முழுதாக நின்ற பிறகு அறுத்த வெட்டில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகுங்கள்.

தகடு கிடைக்கும்வரை இந்த மெஷினில் எதையும் கிழிக்க வேண்டாம். மரத்தை மரவாடியில் கொடுத்து பேண்ட் சாவில் (பட்டை ரம்பத்தில்) கிழித்து வாங்குங்கள். அந்த ரம்பம் மரத்தை மேஜையை நோக்கிக் கீழேதான் இழுக்கும். நல்ல காய்ந்த மரமாகப் பார்த்து எடுத்துப் போங்கள், கூலி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.