கடலூர், புதுச்சேரி பக்கம் சுவரைக் குறைத்து, ஒரு பக்கம் முழுக்கச் சறுக்குக் கண்ணாடிக் கதவு வைத்து, தோட்டத்தோடு திறந்திருக்கும் நவீன வீடு கட்டினால் குடியிருக்க முடியுமா?

தாராளமாக. எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நடுவே திறந்த முற்றம், சுற்றித் தாழ்வாரம். ஆனால் நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி ஒரு பக்கம் முழுக்கச் சறுக்குக் கண்ணாடிக் கதவு வேண்டாம் என்பேன்.

இந்தக் கரையில் சங்கடமே, காற்றும் மழையும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து வருவதுதான். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அதற்காகத்தான் வீட்டைத் திறந்து வைக்கிறோம். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை, சாரல் கூடத்து நடு வரைக்கும் அடிக்கும். கண்ணாடிக் கதவைத் திறந்தால் நனைவோம், மூடினால் வேகுவோம்.

இதற்கான விடை புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, 1937-ல் கட்டத் தொடங்கியது. ஆர்க்கிடெக்ட் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார்; அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகஷிமா இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார். நீளவாக்குப் பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்கும், அதனால் வெயில் நேராக அறையாது. அந்த இரண்டு பக்கமும் ஜன்னலுக்குப் பதில் வரிசை வரிசையாகக் கிடைமட்டப் பலகைகள், கையால் திருப்புகிற மாதிரி. கொஞ்சம் சாய்த்தால் மழை நின்றுவிடும், காற்று நிற்காது. அறைக்கும் நடைக்கும் இடையே, இடைவெளி விட்டுத் தேக்குச் சட்டங்கள் அடித்த கதவு. மூடியிருந்தாலும் காற்று புகும், ஆள் தெரியாது. உங்கள் ஆர்க்கிடெக்டிடம் முதலில் இதைப் பற்றிப் பேசுங்கள். மரத்திலோ அலுமினியத்திலோ இன்றைக்கும் செய்து தருகிறார்கள்.

அப்புறம் உப்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சறுக்குக் கதவின் ட்ராக்கைக் குனிந்து பார்த்தால் மணலும் உப்பும் சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கும், உருளை அசையாது. தினமும் இரண்டு பேர் தூக்கித்தான் நகர்த்துகிறார்கள். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் பித்தளை வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 என்கிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கிற 304 ரகம் கடலோரத்தில் பழுப்புத் தட்டும்.

கூரைச் சாய்ப்பை நாலடி வெளியே நீட்டினால் பாதித் தொல்லை தீரும். ஆனால் நீட்டிய கூரையைப் புயல் அடியிலிருந்து தூக்கும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். ஆகவே ஓடோ தகடோ எதுவானாலும், கூரைச் சட்டத்தைத் தூணோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் கொத்தனார் சொல்லுகிற சிக்கனத்துக்குத் தலையாட்டாதீர்கள்.

கொசுவுக்கு முற்றம் முழுக்க வலை அடிக்க வேண்டியதில்லை, படுக்கையறைகளுக்குப் போதும். திருட்டுக்கு முற்றத்தின் மேல் கம்பி கிரில். திருடன் வருகிறானோ இல்லையோ, பூனை அதன் வழியாகவும் வரும். தினம் மீன் வாங்குகிற வீடென்றால் சொல்லவே வேண்டாம்.