குக்கர் விசிலும் எழுந்தேற்றமும்

அன்புள்ள தம்பி,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாக வீட்டோடு கிடக்கிறேன். தினமும் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போனவள், இப்போது சாய்ந்துகொண்டு டிவியில் பார்க்கிறேன். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற நேரத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. மனம் ஒட்டவில்லை. எல்லாம் மருமகள்தான் செய்கிறாள். நேற்று தலைசீவிப் பின்னிவிட்டாள்; பத்து வயதுக்குப் பிறகு எனக்கு யாரும் தலை பின்னியதில்லை. என்னால் அவளும் ஞாயிறு பூசையை விடுகிறாள். வீட்டிலிருந்தே தியானிக்க நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த உறுத்தலை இறக்கிவையுங்கள். ஞாயிறு பூசைக்குப் போகும் கடமையிலிருந்து விலக்குக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2181ஆம் எண்ணில், நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் உதாரணம் காட்டுகிறது. உங்களைத் தூக்கி உட்காரவைக்கிற மருமகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

புத்தகம் கேட்டதும் இன்னொரு நோயாளி ஞாபகம் வந்தார். 1521 மே மாதம், ஸ்பெயினில் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் வலது கால் நொறுங்கியது. லொயோலாவில் சொந்த வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. சரியாகச் சேராத எலும்பை மறுபடி உடைத்து வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே துருத்திய எலும்பை, இறுக்கமான பூட்ஸ் போட முடியாதே என்று அறுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலத்தில்! அவ்வளவு அலங்காரப் பிரியர். பொழுதுபோக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் கிடைத்தது கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் சரிதங்களும்தான். பார்த்துக்கொண்டவர் அண்ணி மக்தலேனா.

இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். புத்தகத்தைத் திறந்ததும் அவர் புனிதராகிவிடவில்லை. ஒரு சீமாட்டியை நினைத்து மூன்று நான்கு மணி நேரம் கனவு காண்பார். பிறகு, வெறுங்காலோடு எருசலேம் போவதாக ஒரு கனவு. இரண்டுமே அந்த நேரத்துக்கு இனித்தன. ஆனால் முதலாவது ஓய்ந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது ஓய்ந்த பிறகும் குளிர்ச்சி தங்கியது. ஒருநாள் இந்த வித்தியாசம் அவருக்கே உறைத்தது. பிற்பாடு அவர் கற்றுக்கொடுத்த தினசரி ஆத்தும சோதனைக்கு, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபத்துக்கு, வித்து அந்தக் கட்டிலில் விழுந்ததுதான். உங்கள் கரைக்கு 1542இல் வந்த சவேரியார் அவருடைய தோழர்தானே.

அதனால் குக்கர் அடிக்கட்டும். ராத்திரி விளக்கணைத்த பிறகு, அன்றைய பொழுதை ஒருதடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எது முடிந்த பிறகும் இனிக்கிறது, எது கசக்கிறது? பத்து நிமிஷம் போதும். பாவக்கணக்கிலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள், டீச்சர்களுக்குத் திருத்துகிற கை முந்தும். இஞ்ஞாசியார் நன்றி சொல்லித்தான் தொடங்கச் சொல்கிறார்.

பூசையில் வாங்குகிற நற்கருணை அப்பம் வீட்டுக்கே வரும். பங்கில் சொல்லி வையுங்கள். பல இடங்களில் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி எடுத்து வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் பூசையைப் பற்றி எழுதியதெல்லாம் புகார். தலை பின்னியதை மட்டும் வயதுக்கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அங்கிருந்து ஆரம்பியுங்கள்.